முந்திக்கொண்டவர்

“கெட்ட கட்டி இல்லம்மா. நல்ல கட்டிதான்!”

“கட்டியில என்ன டாக்டர் நல்ல கட்டி, கெட்ட கட்டி?” என்று கேட்டவள் அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பஸ் கண்டக்டர். நாள் முழுக்க நின்றால் கால் வலிக்கத்தானே செய்யும் என்று முழங்கால் வலியை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டினார். முழங்காலுக்கு மேலே, எலும்புக்குள் சோப்பு நுரை மாதிரி ஓர் இருட்டு.

“கெட்டதா இருந்தா எலும்பை உடைச்சுக்கிட்டு சதைக்குள்ள பாயும். இது உள்ளேயே அடங்கியிருக்கு, ஓரமும் தெளிவா தெரியுது. ஊசி போட்டு எடுத்த துணுக்குலயும் புற்றுநோய் இல்லைன்னு வந்துடுச்சு. ஆனா சும்மா விட முடியாது. எலும்பை உள்ளுக்குள்ளயே கரைச்சு, ஒருநாள் முறிச்சுடும். அதனால சுரண்டி எடுத்துட்டு, அந்தக் குழியை வேற எலும்பு வெச்சு நிரப்பணும். நல்லா ஒட்டிக்கிச்சுன்னா மறுபடியும் பஸ்ல நிக்கலாம்.”

“ஒட்டலைன்னா?”

“உட்கார்ந்து பாக்குற வேலையாத் தேடிக்கணும்.”

“ஐயோ, உட்கார்ந்துக்கிட்டு நான் யாரை ‘உள்ள போ, உள்ள போ’ன்னு விரட்டுறது?”

டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “தானமா வர்ற எலும்பைச் சேர்த்து வைக்கிற எலும்பு வங்கியில சொல்லி வெச்சிருக்கேன். இப்போதைக்கு இருப்பு இல்லையாம். எப்படியாவது ஏற்பாடு பண்றேன். அந்தக் கவலையை என்கிட்ட விடுங்க.”

கூட வந்திருந்த மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இடுப்பு மூட்டு தேய்ந்து, கைத்தடி இல்லாமல் நாலடி நடக்க முடியாதவர். “நீ போய் வண்டி பிடிம்மா. நான் வலி மாத்திரை எழுதி வாங்கிட்டு வரேன்” என்று அவர் மட்டும் உள்ளேயே தங்கினார்.

அன்று வீடே கலகலவென்று இருந்தது. புற்றுநோயாக இருக்குமோ என்று நெஞ்சில் கல்லைச் சுமந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நடுவே மாமனார் தொண்டையைச் செருமினார்.

“எனக்கும் ஆபரேஷன். இடுப்பு மூட்டை மாத்திடச் சொல்லிட்டேன்.”

அவள் வாயைப் பிளந்தாள். “பொறந்த எலும்போடதான் போய்ச் சேருவேன்னு இத்தனை வருஷமா எங்க உயிரை வாங்கினீங்களே மாமா! கால்ல விழாத குறையா கெஞ்சினோமே!”

“அப்போ மனசு வரல. இப்போ வந்துடுச்சு.”

“சரி, நல்லதுதான். என்னோடது முடிஞ்சதும் பண்ணிக்கலாம்.”

“அதெல்லாம் முடியாது. எனக்குத்தான் முதல்ல.”

“ரெண்டு பேரும் படுத்துக்கிட்டா யார் மாமா பாக்குறது?”

“உன் புருஷன் எதுக்கு இருக்கான்?”

புருஷன் சட்டென்று செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“பஸ் ஓட்டின புத்தி இன்னும் போகல பாருங்க. வளைவுன்னு கூட பாக்காம ஓவர்டேக் பண்றார்!”

“கண்டக்டரம்மா, நீ விசிலை மட்டும் ஊது. ஸ்டியரிங் என் கையில இருக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனாலும் உள்ளே சுருக்கென்றது. கட்டி வந்தது தனக்கு, அவசரம் மட்டும் இவருக்கா?

சொன்னபடியே முந்திக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கிடந்தவருக்கு, அவள் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டே சூப் கொண்டுவந்து கொடுத்தாள், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு குத்தலோடு. “குடிங்க மாமா. அடுத்த ஸ்டாப் நான்தானே!” அவர் வாயே திறக்கவில்லை, சூப்புக்குத் தவிர.

சில வாரங்களில் டாக்டர் கூப்பிட்டார். எலும்பு கிடைத்துவிட்டதாம். அவளுக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மாதங்கள் போயின. கடைசிப் பரிசோதனைக்கு மாமனாரும் கூட வந்தார், கைத்தடி இல்லாமல்.

டாக்டர் புதுப் படத்தைத் தூக்கிப் பிடித்தார். “பாருங்க, எது உங்க எலும்பு, எது வெச்ச எலும்புன்னு எனக்கே தெரியல. அப்படி ஒட்டியிருக்கு! அடுத்த வாரமே டியூட்டிக்குப் போகலாம்.”

அவள் எழுந்து நின்றாள். ஊன்றுகோல் நாற்காலி மேலேயே கிடந்தது. நின்றபடியே மாமனாரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

“டாக்டர், அந்த எலும்பு யாரோடதுன்னு மட்டும் சொல்லுங்க. அவர் குடும்பத்தைத் தேடிப்போய்க் கும்பிட்டுட்டு வரணும். செத்தும் கொடுத்திருக்காரே, மகராசன்! நம்ம வீட்லயும் இருக்காங்களே... எதுக்கெடுத்தாலும் எனக்குத்தான் முதல்லன்னு!”

மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “பெரியவரே, இனியும் நான் வாயை மூடிக்கிட்டிருந்தா இவங்க உங்க படத்துக்கு மாலையே போட்டுடுவாங்க! அம்மா, மூட்டு மாத்துறப்போ அவர் இடுப்புலேருந்து வெட்டி எடுத்த எலும்பு உருண்டைதான் உங்க கால்ல இருக்கு. அதுக்காகத்தான், உங்களுக்கு முந்தி தனக்குப் பண்ணியே ஆகணும்னு அன்னிக்கு என்கிட்ட ஒத்தைக் கால்ல நின்னார்.”