தீனியில் கொஞ்சம் மருந்து

"என் புருஷன் எனக்கு மருந்து வைக்கிறார் சார்!"

இன்ஸ்பெக்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். காலையிலிருந்து சைக்கிள் திருட்டும் பக்கத்து வீட்டுச் சண்டையுமாக வந்து உயிரை எடுத்துக்கொண்டிருந்தன. இப்போதுதான் உருப்படியாக ஒரு கேஸ் வந்திருக்கிறது.

"விவரமா சொல்லுங்கம்மா."

அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. துணைக்கு வந்த தம்பி பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றான்.

"ஒரு மாசமா வயித்துப்போக்கு, காய்ச்சல். டாக்டரும் மாத்தி மாத்தி மருந்து எழுதுறார். உள்ள இருக்கிற கிருமி எதுக்கும் மசியலையாம். இப்படியே போனா உசுருக்கே ஆபத்துன்னுட்டார். நேத்து இவர் போன்ல பேசினதைக் கேட்டுட்டேன் சார். 'தீனியில தினமும் கொஞ்சம் மருந்து கலந்துடுறேன், மோந்து பார்த்தாலும் தெரியாது. வெள்ளிக்கிழமை கதையை முடிச்சிடலாம். இதுக்கு மேல வச்சு சோறு போட்டா நஷ்டம்'னு சிரிக்கிறார்!"

"தீனின்னா?"

"நான் சாப்பிடறதைத்தான்! கல்யாணமான நாள்லேருந்து அப்படித்தானே சொல்றார்!"

"மாமாவை உள்ள தூக்கிப் போடுங்க சார்," என்றான் தம்பி, மரியாதை குறையாமல்.

அரை மணி நேரத்தில் மாமா வந்து சேர்ந்தார். அவருடைய வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு டப்பாவும் வந்தது. மருந்து டப்பா. இன்ஸ்பெக்டருக்குப் பதவி உயர்வே கண்ணில் தெரிந்தது.

"என்னய்யா இது? யாருக்கு?"

"கோழிக்கு சார்! என் பண்ணைக் கோழிக்கு! சீக்கு வந்துடக் கூடாதேன்னு தீனியில கலக்குறேன். நல்லா எடையும் போடும். வெள்ளிக்கிழமை அறுத்துக் கடைகளுக்கு அனுப்பணும்."

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் முகம் தொங்கிப்போனது. கடைசி நம்பிக்கையாக டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மனுஷங்க சாப்பிடற மருந்தாச்சே?"

"கிருமியைக் கொல்ற ஒசத்தி மருந்து சார். நம்ம கோழிக்கு மட்டமானதெல்லாம் கொடுக்கறதில்ல."

மனைவி எட்டிப் பார்த்தாள். "அட, டாக்டர் எனக்கு எழுதினதும் இதேதான்! எனக்குத்தான் கேக்க மாட்டேங்குது."

இன்ஸ்பெக்டர் நெகிழ்ந்துவிட்டார். "ஒரு கோழியை இப்படிக் கண்ணும் கருத்துமா பார்த்துக்கிற மனுஷன் கட்டின பொண்டாட்டியைக் கொல்லுவாராம்மா? போய்க் குடும்பம் நடத்துங்க." புகாரைக் கிழித்துக் கூடையில் போட்டார். வீட்டுக்கு இரண்டு கோழி அனுப்பிவைப்பதாகப் பண்ணைக்காரர் சொன்னபோது, "எதுக்குங்க இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டு முகவரியையும் சொன்னார். சட்டம் திருப்தியடைந்தது.

மனைவிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என்னை மன்னிச்சிடுங்க. உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே! இன்னிக்கும் வழக்கம்போல நம்ம பண்ணைக் கோழியிலயே கறி செஞ்சு போடறேன். கோழியை வெட்டின கையோட அதே பலகையில வெள்ளரிக்காயையும் நறுக்கிட்டா ஒரு நிமிஷத்து வேலை. ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம்."

கணவர் பாசத்தோடு அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"நீ வயிறாரச் சாப்பிடும்மா, அந்த மருந்துக் கோழியை நான் என்னிக்குத் தொட்டிருக்கேன்?"