பெரும்புள்ளி

அன்று மத்தியானம் ஒரு திருடியைக் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி வெளியே அனுப்பிவிட்டுத்தான் சாப்பாடு என்று சூப்பர் மார்க்கெட் மேனேஜர் காலையிலேயே முடிவு செய்திருந்தார். பசி அவருடைய முடிவை மதிக்கவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து ஆடிட்டர் வந்து சேர்ந்தபோது டிபன் பாக்ஸைத் திறந்து பாதி முடித்திருந்தார்.

விஷயம் மூன்று வாரத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. ஒரு வாடிக்கையாளர் பில்லும் கையுமாக மேனேஜர் அறைக்கு வந்தார்.

"என்கிட்ட உங்க கடை கார்டே கிடையாது சார். ஆனா பில்லுல நாப்பத்திரண்டு பாயின்ட் ஏறியிருக்கு. அது யாருக்குப் போச்சு?"

நியாயமான கேள்வி. பொருள் வாங்கினால் கார்டில் பாயின்ட் ஏறும், பாயின்ட் சேர்ந்தால் பொருள் இலவசம். கார்டு இல்லாதவருக்கு எப்படி ஏறும்? மேனேஜர் கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தார். மூன்றாம் கவுண்டர் பெண் ஒவ்வொருவரிடமும், "கார்டு இருக்கா?" என்று சிரித்த முகமாகக் கேட்டாள். இல்லை என்று சொன்னவர்களின் பில்லுக்கெல்லாம் கீபோர்டுக்கு அடியிலிருந்து ஒரு கார்டை எடுத்துத் தேய்த்தாள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜருக்கு நிஜமாகவே வலித்தது. மூன்று வருடத்தில் கல்லாவில் ஒரு காசு குறையாத பெண். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்றுதான் யாரும் நினைப்பார்கள். உடம்புக்கு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள் என்று, யாருக்கும் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமை விடுப்பை வாராவாரம் இவளுக்குத்தான் கொடுத்துவந்தார். மற்ற பெண்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டபோதும் அவர் அதை மாற்றவில்லை. பாம்புக்குப் பால் வார்த்திருக்கிறோமே என்று இரண்டு நாள் புலம்பினார்.

மூன்றாம் நாள் சுறுசுறுப்பானார். மண்டல மேனேஜர் நாற்காலி நான்கு மாதமாகக் காலியாக இருந்தது. ஒரு திருட்டைத் தானே கண்டுபிடித்துத் தானே பிடித்துக் கொடுத்தால் அந்த நாற்காலி எங்கே போய்விடும்? யாரிடமும் மூச்சு விடாமல் பில் நகல்களைச் சேர்த்தார், கோப்பு போட்டார், தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். கார்டு யாருடையது என்பது அவர்களுடைய கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும்.

வந்த ஆடிட்டர், சிரிப்புக்கும் ரசீது கேட்கிற முகம் உள்ளவர். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வேண்டாம் என்றார். ஆனால் ஆவி பறக்கும் டிபன் பாக்ஸை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். அது போதாதா மேனேஜருக்கு? வீட்டம்மாவின் சாமர்த்தியத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கூப்பன், கேஷ்பேக் என்று ஒன்றைக்கூட விடமாட்டாளாம். ராத்திரியும் பகலும் போனில் அதுதான் வேலையாம். சோப்பிலிருந்து எண்ணெய் வரை பார்சல் பார்சலாக வந்து இறங்குமாம்.

"சேமிக்கிறதுன்னா அப்படி நேர்மையா சேமிக்கணும் சார். அடுத்தவன் பாயின்ட்ல கை வைக்கிறது திருட்டு."

ஆடிட்டர் தலையாட்டிவிட்டுக் கோப்பை மூடினார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள்.

வந்தவள் கதவை ஒட்டியே நின்றாள். மேஜையில் இருந்த பில் நகல்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. தேய்த்தது உண்மைதானா என்று ஆடிட்டர் கேட்டதற்கு உண்மைதான் என்றாள். கார்டு யாருடையது என்பதை மட்டும் சொல்ல மறுத்தாள்.

"சொல்லிடும்மா," என்றார் மேனேஜர். "சொல்லலேன்னா இப்பவே வேலை போயிடும்."

"சொன்னாலும் போயிடும் சார்."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாருக்கோ பயப்படுகிறாள். அப்படியென்றால் இவள் வெறும் அம்புதான், எய்தவர் வேறே. கேஸ் பெரிதாகப் பெரிதாக மண்டல நாற்காலி அவருக்கு இன்னும் பக்கத்தில் தெரிந்தது.

"இவளுக்குப் பின்னால யாரோ பெரும்புள்ளி இருக்கு சார். விடாதீங்க."

"அறுபதாயிரம் பாயின்ட் ஏறியிருக்கு. பெரும்புள்ளிதான்," என்றபடி ஆடிட்டர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கார்டு போன் நம்பரில்தான் பதிவாகும் என்பதால், பெயர் இல்லாமல் உரியவரின் நம்பர் மட்டும் அதில் இருந்தது.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்களே போன் பண்ணிக் கேட்டுடுங்க சார். என் வாயால சொல்ல மாட்டேன்." சொல்லிவிட்டு மேனேஜரை ஒரு பார்வை பார்த்தாள். அது கெஞ்சலா, பரிதாபமா என்று அவருக்கு விளங்கவில்லை.

ஆடிட்டர் மேனேஜரின் மேஜைப் போனைத் தன் பக்கம் இழுத்து, தாளைப் பார்த்துப் பார்த்து நம்பரை அழுத்தினார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார். மேனேஜர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். கூப்பிடுவது மேனேஜர் அறை நம்பர் என்று தெரிந்ததால், எதிர்முனைக்கு ஹலோ சொல்லக்கூடத் தோன்றவில்லை.

"சொல்லுங்க, புது டிபன் பாக்ஸ்ல சாப்பாடு சூடா இருந்துச்சா? அப்புறம், அந்த மூணாம் கவுண்டர் பொண்ணுக்கு இந்த ஞாயித்துக்கிழமையும் லீவு போட மறந்துடாதீங்க. பாவம், நமக்காக எவ்வளவு தேய்க்குது."