நோரீன் வீட்டுச் சாவுகள்

"அடுத்த சாவு எப்போ, நோரீன்?"

ரஸல் கேட்டதும் மண்டபமே சிரித்தது.

நோரீன் மடியில் சுருண்டு கிடந்த ஃபெரெட்டைப் போர்வையால் இன்னும் கொஞ்சம் மூடினாள். கீரிப்பிள்ளை ஜாடையில் நீளமான சின்ன உடம்பு. வாலில் ஒரு முடிகூட இல்லை.

கால்நடை மருத்துவர் இமோஜனுக்குக் கோபம் பொங்கியது. ரஸல் மேல் அல்ல, நோரீன் மேல்.

வளர்ப்பு ஃபெரெட்டுகள் எத்தனை வருஷம் வாழ்கின்றன, எந்த நோயில் சாகின்றன என்று ஓர் ஆய்வுக்காக விக்டோரியா மாநிலம் முழுக்க ஊர் ஊராகக் கேட்டு வருகிறாள் இமோஜன். இந்தப் பெண்டிகோ ஊர் ஃபெரெட் வளர்ப்போர் சங்கத்தில் யாரைக் கேட்டாலும் எட்டு வருஷம், ஒன்பது வருஷம். தலைவர் ரஸல் வீட்டில் நோயில் செத்தது ஒன்றுகூட இல்லையாம்.

நோரீன் வீட்டுக்கு வந்தது மட்டும் எதுவும் ஒரு குளிர்காலம் தாண்டியதில்லை.

"எங்கேருந்து வாங்கறீங்க?"

"வாங்கறதில்ல டாக்டர். வரும்."

"யாரு குடுக்கறாங்க?"

நோரீன் போர்வையின் நுனியைச் சரிசெய்தாள்.

"அவங்க வாசப்படிய மிதிச்சா அடுத்த பஸ் மேலோகத்துக்குத்தான் டாக்டர்!" ரஸல் எடுத்துக் கொடுத்தான். மறுபடி சிரிப்பு.

"அதை இப்படி மேஜையில விடுங்க," என்றாள் இமோஜன்.

தயங்கித் தயங்கி விட்டாள் நோரீன். இமோஜனின் விரல்கள் வயிற்றைத் தடவி ஓரிடத்தில் நின்றன. கட்டி.

"இது முத்தின நோய். ஒரு வருஷமாவது இருக்கும். இத்தனை நாளா டாக்டர்கிட்ட காட்டாம என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"போன வாரந்தான் என்கிட்ட வந்துச்சு."

"எல்லாமே போன வாரந்தான் வருமா? உங்களை நம்பி ஒரு எலியைக்கூட விட முடியாது!"

நோரீனின் கண் கலங்கியது.

ரஸல் எழுந்தான். "இவங்களாலதான் சங்கத்துக்கே கெட்ட பேரு. இன்னிக்கே வெளியே அனுப்பிடலாம். சம்மதம்னா கையைத் தூக்குங்க."

கைகள் மளமளவென்று உயர்ந்தன.

மேஜை மேல் கிடந்த ஃபெரெட் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு ரஸல் நின்ற பக்கமாக நகர்ந்தது. விளிம்பு வந்தது தெரியவில்லை, முன்னங்கால் வழுக்கியது.

"பிஸ்கட்! டேய், விழுந்துடாதடா!"

பாய்ந்து பிடித்தது ரஸல்தான்.

அது அவன் சட்டைக் கைக்குள் தலையை நுழைத்து, பழகிய பொந்து மாதிரி உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது.

அதன் பெயரை அந்த மண்டபத்தில் யாரும் அதுவரை சொல்லவில்லை.

ரஸலின் முகம் வெளுத்தது. உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இமோஜனுக்கு இத்தனை வீடுகளில் நோயே இல்லாமல் போனது எப்படி என்று இப்போது புரிந்தது.

"இவ்ளோ பேச்சு வாங்கினீங்களே... ஒருத்தர் பேரையாவது சொல்லியிருக்கலாமே?"

நோரீன் போர்வையை மடித்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"சொன்னா, அடுத்தது என் வீட்டுக்கு வராது டாக்டர். சாக்குல கட்டி ஆத்துல போட்டுடுவாங்க."