கமீலா பார்த்த புரூப்

எண்பத்தேழாம் பக்கத்தில் கமீலாவின் கண்ணீர் பொட்டென்று விழுந்து தாளை நனைத்தது. எதிரே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் ஜெமீல் மாஸ்டருக்கு அதைப் பார்த்து உள்ளூரச் சந்தோஷம். எழுதியவனுக்கு வேறென்ன வேண்டும்!

"றிஸ்லாட கதை வாற இடமா புள்ள?" என்றார் குரலைத் தாழ்த்தி.

கமீலா சேலைத் தலைப்பால் தாளை ஒற்றினாள்.

றிஸ்லா அவர்களின் ஒரே மகள். சுனாமி கொண்டுபோனபோது ஒன்பது வயது. சண்டை முடிந்து காட்டுப்பாதை திறந்ததும், அவளுக்காகத் துஆக் கேட்டுப் பிரார்த்திக்கவென்று மாஸ்டர் கல்முனையிலிருந்து கதிர்காமப் பள்ளிவாசல் வரைக்கும் நடந்தே போனார். பதினொரு நாள். ஊரே மூக்கில் விரலை வைத்தது.

அந்த நடைதான் இப்போது புத்தகமாகிறது. பதிப்பகத்தார் ஒருவரும் சீந்தவில்லை, மாஸ்டரே கைக்காசைப் போட்டு அடிக்கிறார். பிழை பார்ப்பது மட்டும் கமீலாவின் பொறுப்பு. பெண்பிள்ளைகளின் மதரஸாவில் பதினைந்து வருடமாக மார்க்கம் படிப்பிப்பவள், அவள் கண்ணுக்கு ஒரு புள்ளியும் தப்பாது.

மாஸ்டரும் லேசுப்பட்டவரில்லை. நடந்த தூரத்தை ஒரு கட்டை கூட்டி எழுதினாலும் எழுதுவாரே தவிர, தொழுகை விஷயத்தில் இம்மியும் கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். இஷா என்னும் இராத் தொழுகை ஒலுவிலில் இரண்டு சுற்று, அதாவது இரண்டு ரக்அத், திருக்கோவிலில் இரண்டு, பொத்துவிலில் நாலு, குமணக் காட்டில் இரண்டு என்று ஒவ்வொரு ராத்திரியையும் குறித்திருந்தார். சுனாமிக்குப் பிறகு முகாம் வேலைக்காகப் பொத்துவிலுக்கு மூன்று வருடம் பஸ்ஸில் போய்வந்த மனுசன், இந்தத் தடவை நடந்து போனதைப் பெருமையாகவே எழுதியிருந்தார்.

"பின்னேரம் அஸர் தொழுகைக்கு முந்திப் பிரஸ்ஸுல குடுக்கணும். பிழை ஏதும் இரிக்கா?"

"எழுத்துப் பிழை இல்ல. ஒரு கேள்வி இரிக்கி."

"கேளு."

"போற வழியெல்லாம் நாலு ரக்அத்த ரெண்டாச் சுருக்கித் தொழுதிரிக்கீங்க."

"ஓம். பிரயாணிக்கு அல்லாஹ் தந்த சலுகைதானே."

"பொத்துவில்லயும் ஒரு ராத்திரிதானே தங்கின? அங்க மட்டும் ஏன் நாலு?"

மாஸ்டர் மாட்டிய செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டினார். "அது... பள்ளியில தொழுதிருப்பன். ஊர் இமாமுக்குப் பின்னால நிண்டா நாலுதானே புள்ள."

"'அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தனியே தொழுதேன்' எண்டு நீங்கதான் எழுதியிரிக்கீங்க."

"அப்ப அச்சுப் பிழை. ரெண்டெண்டு மாத்து."

"மாத்தமாட்டன். தொழுகையில நீங்க பொய் எழுதமாட்டீங்க. அது எனக்குத் தெரியும்."

வெளியே மீன்காரனின் சைக்கிள் ஹோன் அடித்துக்கொண்டு போனது. மாஸ்டர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரயாணிதான் ரெண்டு தொழுவான். சொந்த ஊட்டுக்கு வந்து சேர்ந்தவன் நாலு தொழுவான்" என்றாள் கமீலா. மதரஸாப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே குரல். "நம்மட பக்கத்துல ஆம்புளைக்குச் சொந்த ஊடு ஏது? பொஞ்சாதிட ஊடுதானே அவன்ட ஊடு."



செத்துப்போன பிள்ளையின் பெயரைச் சொல்லியல்லவா இந்த மனுசன் வாசலை விட்டு இறங்கினார்! தண்ணீர்ப் போத்தலும் பேரீச்சம்பழமும் கட்டிக் கொடுத்து வழியனுப்பியதும் அவள்தான்.

தாள்களை அடுக்கி, ஒரு திருத்தமும் போடாமல் அவர் கையில் கொடுத்தாள்.

"பொத்துவில்ல இரிக்கிற ஒங்கட பொஞ்சாதிக்கு வாசிக்கத் தெரியுமா?"