கழுவாத குடுவை

"அந்தக் கட்டுரையை விட்டுடேன்மா. இருபது வருஷமா எல்லாரும் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுறாங்க," என்றார் கணவர்.

வேதியியல் பேராசிரியை, ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"உலோகமே இல்லாத வினையூக்கின்னு பேர் வாங்கியாச்சு. ஆனா குடுவையை ஒழுங்காக் கழுவலை. அதுல ஒட்டியிருந்த பல்லேடியம்ங்கிற உலோகம்தான் வேலையைச் செஞ்சிருக்கு. நேத்து புதுக் குடுவையில செஞ்சு பார்த்தேன், ஒண்ணுமே நடக்கலை."

"விருது, பதவி எல்லாம் போயிடுமே!"

"போகட்டும். அதை நம்பி எத்தனை பேர் மண்டையை உடைச்சுக்கிறாங்க தெரியுமா?"

கணவர் பெருமூச்சு விட்டார்.

'தவறைச் சுட்டிக்காட்டுபவர்' என்ற இடத்தில் பேராசிரியை விறுவிறுவென்று கையெழுத்திட்டார். அதன் கீழே 'தவறான கட்டுரையை எழுதியவர்' என்ற இடம் காலியாக இருந்தது.

அங்கேயும் அதே கையெழுத்தைப் போட்டார்.