சுவருக்குள் இருப்பது

கீழே லயத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்டபோது, உபதேசியார் ஓசியா கோயிலில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

போடிமெட்டுச் சரிவில் ஓர் ஏலத்தோட்டம். பாறைமேல் சின்ன வேதக்கோயில். அதற்குக் கீழே, மலையை வெட்டிக் கட்டிய, கூலியாட்களின் எட்டு வீட்டு லயம். மூன்று நாளாக விடாத மழை, தோட்டத்தில் யாருக்கும் வேலை இல்லை.

வேலை இல்லாத நாளில் எதற்குக் கடப்பாரை?

அவர் கையில் இருந்தது எபிரேய வேதத்துக்கான பழைய உரை. பல காலத்துப் பண்டிதர்கள் ஒரு வசனத்துக்குச் சொன்ன அர்த்தங்களையெல்லாம் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கித் தமிழில் அச்சிட்டது. "இந்தச் செல்லரித்த மூட்டையை இன்னுமா சுமக்கிறீர்?" என்று போடிக்குப் புதிதாக வந்த பாஸ்டர் கேலி செய்வார். ஓசியாவுக்கு அது உயிர்.

போன ஞாயிறு அதிலிருந்துதான் பிரசங்கம். லேவியராகமம், பதினாலாம் அதிகாரம். வீட்டுச் சுவரில் பச்சையும் சிவப்புமாகக் குழி விழுந்தால் ஆசாரியன் என்ன செய்யவேண்டும் என்ற பகுதி. ஒரு பண்டிதர் அதை நல்ல சேதி என்கிறார். அந்த மண்ணை முன்பு ஆண்டவர்கள், விட்டுப் போகும்போது பொன்னைச் சுவருக்குள் ஒளித்துவைத்தார்களாம். கல்லைப் பெயர்த்தால் கிடைக்குமாம்.

சனம் வாய் பிளந்து கேட்டது. மழைக்கு ஒதுங்க வந்தவர்கள்கூட முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஓசியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பக்கத்தோடு மூடிவைத்த புத்தகத்தை இன்றுதான் மறுபடி திறந்திருந்தார்.

அடுத்த பக்கத்தில் இன்னொரு பண்டிதர் பேசினார். பொன்னும் இல்லை, பூதமும் இல்லை. சுவருக்குப் பின்னால் ஈரம் கோத்திருக்கிறது. அதனால்தான் ஆசாரியன் வருமுன்பே வீட்டைக் காலி செய்யச் சொல்கிறது வேதம். முதலில் ஆளும் பானையும் வெளியே வரட்டும், அர்த்தத்தைப் பிறகு கேட்கலாம்.

மறுபடியும் கடப்பாரை. இப்போது நாலைந்து.

இந்தத் தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரத் துரையும் விட்டுப் போனவர்தான். பவுனை எங்கேயோ ஒளித்துவிட்டுக் கப்பலேறினார் என்ற பேச்சு இன்றும் உண்டு. லயத்தைக் கட்டியவரும் அவர்தான். அதன் பின்சுவரில் பச்சைக் கோடு இறங்காத வீடே கிடையாது.

அந்தச் சுவர்தான் மலையைத் தாங்கி நின்றது.

குடையை மறந்து ஓடினார்.

முதல் வீட்டில் நாலைந்து கற்கள் தரையில் கிடந்தன. மொக்கையன் சுவர் ஓட்டையில் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். அவன் மனைவி முனியாயி அரிக்கேன் விளக்கைப் பிடித்திருந்தாள். ஓட்டையிலிருந்து செம்மண் தண்ணீர் கசிந்தது.

"வெளிய வாங்கப்பா! மலை சரியப்போகுது. உள்ள பவுனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் பாதியப் படிச்சிட்டுச் சொல்லிப்புட்டேன்!"

முனியாயி சிரித்தாள். "நல்லாருக்கே உபதேசியாரே! நாங்க வெளிய போவோம், நீங்க உள்ள வருவீகளாக்கும்."

எட்டு வீட்டிலும் இதே பதில். சிலர் கதவையே சாத்திக்கொண்டார்கள். காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தார். கடைசி வீட்டில் அவர் நின்ற இடத்துக்கு எதிரே, யாரும் தொடாத ஒரு கல் பின்சுவரிலிருந்து தானாக விழுந்தது.

இருபது வருட ஊழியத்தில் அறிந்து ஒரு பொய் சொன்னதில்லை. இப்போது நடுவாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்.

"நெசத்தச் சொல்லிப்புடுறேன்! துரை எல்லாத்தையும் கோயில் சுவத்துலதான் வச்சிருக்காரு. தலைக்கு ஒரு பங்கு. ஆளு வந்தாத்தான் பங்கு!"

ஒவ்வொன்றாகக் கதவுகள் திறந்தன.

தொட்டிலில் கிடந்த பிள்ளையும் வந்தது. எழுந்து நடக்கமாட்டாத கிழவி மொக்கம்மாளைக் கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கி வந்தார்கள். எல்லாரும் முண்டியடித்துப் பாறைமேல் ஏறினார்கள். ஓசியா கோயில் வாசலில் நின்று தலைகளை எண்ணினார். உள்ளே பீடத்துச் சுவரில் முதல் அடி விழுந்தது. விழட்டும் என்று நினைத்தார்.

முப்பத்தொன்பது பேர். லயத்தில் நாற்பது.

முனியாயியின் கையைப் பிடித்து நிறுத்தினார். "உம் புருசன் எங்க ஆத்தா?"

"அந்த மனுசன் வரலைங்க. ஞாயித்துக்கெழம நீங்க படிச்சதுதான் நெசமாம், இப்பச் சொல்றது பொய்யாம். என்னைய மட்டும் பங்குக்கு அனுப்பிட்டுத் தனியாத் தோண்டுறாரு."

இரண்டில் ஒன்றை மொக்கையன் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தான்.

ஓசியா பாறையிலிருந்து இறங்கி ஓடினார். சுவரை இடித்துக்கொண்டிருந்த யாரும் அதைக் கவனிக்கவில்லை.