மன்றாட்டுப் பெட்டி

"என்ட மகள் பொடியனோட திரியிறாளெண்டு மாதா கோயில் மன்றாட்டுப் பெட்டியில எழுதிப் போட்டது நீதானே, எமில்டா? சுவாமியார் புதன் நவநாள் பூசையில சத்தமா வாசிச்சிட்டார்!"

ரொசலின் அக்காவின் குரல் எங்கள் கொட்டாஞ்சேனை மாடிப்படி முழுவதும் கேட்டது.

"மாதாவாணை நான் எழுதேல்லை, அக்கா!"

"உன்னை விட்டா இந்த ஃபிளாட்டில வாய் நீண்டவள் ஆர்?"

நல்ல சண்டை. கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தேன். எமில்டா விம்மி அழுததுதான் மனதைக் குத்தியது.

அடுத்த புதன்கிழமை சுவாமியார் பெட்டியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை வாசித்தார்: "போன கிழமை மன்றாட்டை எழுதியவள் நான். எமில்டா பாவம். என் நாக்குக்காக வேண்டிக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடி, பெர்னதெத்."

என் கையெழுத்தில் அவர் தடுமாறவே இல்லை. எத்தனை வருடப் பழக்கம்!

தை மாதம் அந்தப் பொடியனையே கட்டி அக்காவின் மகள் வத்தளைக்குப் போனாள். கலியாணத்தில் ரொசலின் அக்கா எனக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார். கண்ணுக்கு முன்னால் இருக்கட்டுமாம்.